கடனுக்கு முன்பா, கவிழ்ந்த பிறகா? ஆசியாவிலும் மேற்கிலும் அரசின் தலையீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் ஊர்களின் வங்கிக் கிளைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், காந்தி நகரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் ஒரு சிறு வகுப்பில் பொருளாதாரம் பேசி வருகிறேன். வணிகவியல் மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்து அனுப்பும் சிறு முதலாளிகள் இரண்டொருவரும் வருகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆசிய அரசுகள் பொருளாதாரத்தில் தலையிடுகின்றன, மேற்கத்திய அரசுகள் சந்தையை அதன் போக்கில் விட்டுவிடுகின்றன என்கிறார்களே, சரிதானா?

சரியன்று. பிரான்சில் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேலான தொகை அரசின் கை வழியாகச் செலவாகிறது. சிங்கப்பூரில் சாதாரண ஆண்டுகளில் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் சிங்கப்பூரைத்தான் சந்தையின் நாடு என்பார். ஆனால் அதே சிங்கப்பூரில் நிரந்தரமாக வாழ்பவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் அரசின் வீட்டு வசதிக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். 55 வயதுக்கு உட்பட்ட தொழிலாளியின் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டு, அவர் பங்கும் முதலாளி பங்குமாக 37 சதவீதம் வரை மத்திய சேமநிதிக்குப் போய்விடுகிறது. பட்ஜெட்டில் சிறியதாகத் தெரியும் அரசு, வீட்டு வாசலிலும் சம்பளக் கவரிலும் மிகப் பெரியதாக நிற்கிறது.

ஆகவே எவ்வளவு தலையீடு என்று கேட்பதைவிட, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் எண்ணம். நம் பக்கத்து ஏரிகளை வைத்துச் சொன்னால், ஆசிய அரசுகளுக்கு மதகில் கை வைத்தே பழக்கம். யாருக்குக் கடன் போக வேண்டும், நாணயம் எந்த மதிப்பில் நிற்க வேண்டும், எந்தப் பொருள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பவற்றைத் தண்ணீர் ஓடுவதற்கு முன்பே தீர்மானிக்கப் பார்ப்பார்கள். மேற்கத்திய அரசுகள் தண்ணீரை ஓட விட்டு, விளைச்சலில் வரி வாங்கி, காய்ந்த வயல்காரருக்கு உதவித்தொகை கொடுக்கும். கரை உடைந்தால் மண் மூட்டையோடு ஓடி வரும். இது பொதுவான போக்குதான். விலகி நடந்தவர்கள் இரு பக்கமும் உண்டு.

முன்கூட்டியே கை வைப்பது என்றால் நடைமுறையில் எப்படி இருக்கும்?

நகைக்கடன் கவுன்ட்டரில் அதைப் பார்க்கலாம். குடியாத்தம் கிளையில் எங்கள் மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார். அதன் மேல் அமிலத்தைத் தொட்டு வைத்து, கோடு மங்குகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கல்லுக்கும் அரக்குக்கும் எடையைக் கழித்த பிறகுதான் சீட்டில் மதிப்பை எழுதுவார். சீட்டில் 1,00,000 ரூபாய் என்று இருந்தாலும் வாடிக்கையாளர் கைக்கு 75,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. "என் நகைக்கு முழு மதிப்பும் தந்தால் உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?" என்று கேட்காத மாதமே கிடையாது. தங்கம் விலை இறங்கினால் வங்கியும் கவிழாமல் நகையும் ஏலத்துக்குப் போகாமல் இருப்பதற்காக, அந்த 25,000 ரூபாயை அரசின் கை பிடித்துவைத்திருந்தது. கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்டில், இந்த வரம்பை 90 சதவீதமாகத் தளர்த்தி, 2021 மார்ச் வரை வைத்திருந்தார்கள். நெருக்கடியில் மதகைச் சற்றுத் தூக்கிவிட்டு மீண்டும் இறக்கியதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே விதி வீட்டுக் கடனில் என்ன செய்தது என்று பாருங்கள். ஹாங்காங்கில் 1990களின் தொடக்கத்திலிருந்தே வீட்டின் மதிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கடன் கொடுப்பதில்லை. 1997க்கும் 2003க்கும் இடையில் அங்கே வீட்டு விலை 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனாலும் வீட்டுக் கடன் வாராக்கடனாகி வங்கிகள் கவிழவில்லை, தவணை தவறியவர்களின் பங்கு 1.5 சதவீதத்தைத் தாண்டவும் இல்லை. அமெரிக்காவில் 2006க்குப் பிறகு வீட்டு விலை நாடு முழுவதும் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் விழுந்தது. கையிலிருந்து ஒரு காசும் போடாமல் வீடு வாங்கியவர்கள் அங்கே ஏராளம் என்பதால், அந்தச் சரிவே உலகத்தின் வங்கிகளை ஆட்டியது. ஹாங்காங்கை உலகின் மிகச் சுதந்திரமான சந்தை என்று பல ஆண்டுகள் பட்டியலிட்டவர்கள் இந்த 70 சதவீதத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நியூசிலாந்து 2013இலும் அயர்லாந்து 2015இலும் இத்தகைய வரம்புகளைக் கொண்டுவந்தன. பட்ட பிறகு வந்த புத்தி.

முன்கூட்டியே காவல் இருந்தது என்றால் 1997இல் ஆசியா ஏன் சரிந்தது?

முன்வாசலில் காவலை வைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்ததால். தாய்லாந்தின் நாணயமான பாட், டாலரோடு ஏறத்தாழ நிலையான மதிப்பில் கட்டப்பட்டிருந்தது. மதிப்பு மாறாது என்று நம்பிய நிறுவனங்கள் வெளிநாட்டில் குறைந்த வட்டிக்கு டாலரில் குறுகிய காலக் கடன் வாங்கி, உள்நாட்டில் கட்டடத்திலும் நிலத்திலும் போட்டன. 1997 ஜூலை 2 அன்று பாட்டைக் கட்டியிருந்த கயிறு அவிழ்க்கப்பட்டதும், கடன் அப்படியே இருக்க, அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையான பாட்டின் அளவு மட்டும் ஊதிப்பெருத்தது.

தென் கொரியாவின் கதை சற்று வேறு. 1961இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ வங்கிகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். ஏற்றுமதி இலக்கை எட்டிய நிறுவனத்துக்குக் குறைந்த வட்டியில் கடன், எட்டாதவருக்குக் கதவடைப்பு என்பது நடைமுறையாயிற்று. தண்டிக்கும் துணிவு இருந்தவரை அந்த முறை வேலை செய்தது. எஃகு, கப்பல், கார் என்று ஒரு தலைமுறைக்குள் எழுந்து நின்றார்கள். பெரிய குழுமங்கள் கைவிட முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகு, அரசால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை. 1997இல் பெரும் குழுமங்களின் கடன் அவற்றின் சொந்த முதலைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஹான்போ ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் விழுந்துவிட்டது. ஒரு கடன்காரருக்குத் தொகை சிறிதாக இருக்கும்வரை அவர் வங்கிக்குப் பயப்படுவார், பெருத்துவிட்டால் வங்கி அவருக்குப் பயப்படும் என்பதைக் கிளை மேலாளராக இருந்த எவரும் அறிவர். கொரிய அரசு அந்த மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) ஆசியாவுக்குச் சொன்ன மருந்தை 2008இல் மேற்கு தானும் குடித்ததா?

இல்லை. வகுப்பில் அதிகக் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. 1997 டிசம்பரில் கொரியாவுக்கு 57 பில்லியன் டாலர் அளவிலான உதவித் திட்டம் வந்தபோது, வட்டியை உயர்த்து, செலவைக் குறை, நலிந்த நிதி நிறுவனங்களை மூடு என்ற நிபந்தனைகள் கூடவே வந்தன. குறுகிய கால வட்டி 30 சதவீதத்தை நெருங்கியது. 1998இல் வேலையின்மை சுமார் 7 சதவீதமாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் கொரியக் குடும்பங்கள் திருமண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த பொன் மோதிரத்தையும் வரிசையில் நின்று நாட்டுக்காகக் கொடுத்தன. ஏறத்தாழ 35 லட்சம் பேரிடமிருந்து 227 டன் தங்கம் சேர்ந்தது. அதன் மதிப்பு மொத்தக் கடனில் சிறு பங்குதான். ஆயினும் தாலித் தங்கத்தைக் கடைசிப் பாதுகாப்பாக வைத்திருக்கும் நம் வீடுகளில் இருந்து பார்க்கும்போது, அந்த வரிசை எளிதில் மறக்கக்கூடியது அன்று.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலான பின் வாஷிங்டன் என்ன செய்தது? டிசம்பருக்குள் வட்டியைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறக்கியது. 700 பில்லியன் டாலர் மீட்புத் திட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜெனரல் மோட்டார்ஸில் அரசே பெரும்பங்குதாரர் ஆயிற்று. பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் பங்குகளில் 80 சதவீதத்துக்கு மேல் அரசின் வசம் வந்தது. கொரியாவில் வங்கிகளை அரசு பிடித்துவைத்திருப்பதுதான் நோய் என்று சொல்லிப் பத்தாண்டு கழிந்த நிலையில் இது நடந்தது.

அதே வேளையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 2008இல் மேற்கு செய்தது தவறு என்று நான் கருதவில்லை. பணம் உலர்ந்துபோன நேரத்தில் வட்டியைக் குறைப்பதே முறை. தன் கடனைத் தன் நாணயத்திலேயே வாங்கியிருந்த அமெரிக்காவுக்கு அந்த வாய்ப்பு இருந்தது, டாலரில் கடன் வைத்திருந்த கொரியாவுக்கு இல்லை. பொருளாதாரத்தில் இந்த ஒரு வேறுபாடு கொள்கை வேறுபாடுகள் பலவற்றைவிடப் பெரியது.

நிதியத்தின் பேச்சைக் கேட்காத மலேசியா என்ன ஆயிற்று?

பிழைத்தது. 1998 செப்டம்பர் தொடக்கத்தில் தங்கள் நாணயமான ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தி, பங்குச் சந்தைக்கு வந்த வெளிநாட்டுப் பணம் ஓராண்டுக்கு வெளியேறத் தடை விதித்தார்கள். இனி ஒருவரும் மலேசியாவில் முதலிட மாட்டார்கள் என்று எழுதப்பட்டது. அப்படி நடக்கவில்லை, 3.80 என்ற மதிப்பு 2005 ஜூலை வரை நின்றது. நெருக்கடி நேரத்தில் மூலதனக் கட்டுப்பாடு சில சமயம் தகும் என்பதை நிதியமும் 2012இல் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே ஐஸ்லாந்து 2008இல் அதே கதவைச் சாத்தியிருந்தது.

நம் மாவட்டத்தில் ஆசிய பாணித் தலையீட்டுக்கு உதாரணம் உண்டா?

தோல் தொழிலே உதாரணம். ஆவாரம்பட்டை போன்றவற்றில் ஊறவைத்துப் பாதி பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நெடுங்காலம் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மெருகும் லாபமும் அங்கே சேர்ந்தன. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்ட தோலுக்குக் கோட்டா வைத்தது. முடித்த தோலாக அனுப்பினால் சலுகை, இல்லையேல் வழி அடைப்பு. கொரியாவில் நடந்ததன் சிறிய வடிவம் இது. இன்று ஆம்பூரில் முழு ஷூவே தைத்துப் பெட்டியில் அடைத்து ஐரோப்பாவுக்குப் போவதற்கு அந்த மதகுத் திருப்பம் ஒரு முக்கியக் காரணம்.

விலையும் கொடுத்தோம். முடித்த தோலுக்கு இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு முதல் வேண்டும். அது இல்லாத சிறு டேனரிக்காரர்கள் (தோல் பதனிடும் ஆலைக்காரர்கள்) பெரியவர்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்பவர்களாக மாறினார்கள். பதனிடுவதில் பட்டைக்குப் பதில் குரோமியம் பெருகியது. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. ஏற்றுமதியைத் தூண்டிய அரசு கழிவு நீரைக் கண்டுகொள்ளாமல் இருந்த காலத்தில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது சொன்னது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசு மானியத்தோடு பரவின. ஒரே தொழிலில் அரசின் ஒரு கை தள்ளியது, மற்றொரு கை இருபது ஆண்டு தாமதமாக இழுத்துப் பிடித்தது. ஏற்றுமதிக் கணக்கை மட்டும் காட்டித் தொழில் கொள்கையைப் புகழ்பவர்களிடம் நான் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்பதுண்டு.

மேற்கத்திய அரசுகள் தங்கள் சந்தையைத்தானே ஒழுங்குபடுத்துகின்றன, அது நமக்கு எட்டுமா?

எட்டும், சில நேரம் நம் அரசின் ஆணையைவிட விரைவாக. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாக்ளோரோபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. அங்கிருந்து வேலூருக்கு ஒரு அதிகாரியும் வரவில்லை. ஆனால் ஆம்பூரில் நாங்கள் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் முன் தரும் கடன்) கொடுத்த கோப்புகளில் அதுவரை இல்லாத ஆய்வகச் சான்று ஒன்று சேர்ந்தது. அது இல்லாத சரக்குக்குப் பணம் வராது என்பதால் நாங்களும் கேட்கத் தொடங்கினோம். பிறகு சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. 2015 மே 1 முதல், உடலில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. மேற்கத்தியத் தலையீடு பெரும்பாலும் இப்படித்தான்: யார் செய்ய வேண்டும் என்று சொல்லாது, எப்படிச் செய்தால் உள்ளே விடுவேன் என்று சொல்லும்.

அந்த வழக்கத்தையும் அமெரிக்கா அண்மையில் மீறியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் சுங்க வரி 50 சதவீதமானது. வகுப்புக்கு வரும் அப்பர் தயாரிப்பாளர் ஒருவர் அன்று கொண்டுவந்த கைபேசிச் செய்தியில், வாங்குபவர் விலையில் தள்ளுபடி கேட்டிருந்தார். தைத்து முடித்த சரக்கோ அட்டைப்பெட்டியில் ஒட்டுத்தாளோடு காத்திருந்தது. திறந்த சந்தை என்ற பாடத்தை அவருக்கு அந்த வாரம் என்னால் நடத்த முடியவில்லை.

அரிசி விலையை அரசு பிடித்துவைப்பது நல்லதுதானே?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடும் விவசாயிக்கும் ரேஷன் கடையில் பை விரிக்கும் குடும்பத்துக்கும் நல்லது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்து, 2024 செப்டம்பரில் நீக்கியது. உள்ளூரில் நிலைத்தன்மை, நம் அரிசியை நம்பியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் நெருக்கடி. 2008இல் இந்தியாவும் வியட்நாமும் கதவைச் சாத்தியபோது உலகச் சந்தையில் அரிசி டன்னுக்கு 1,000 டாலரை எட்டியது. மேற்கு இதில் நிரபராதி என்று எண்ண வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவு செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்கே போகிறது.

ஜப்பானையும் சீனாவையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட உயரத்தை மீண்டும் தொட 2024 பிப்ரவரி ஆயிற்று. மூழ்கும் நிறுவனங்களுக்கு வங்கிகள் கடனைப் புதுப்பித்துக்கொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம். சீனா 2008இல் 4 லட்சம் கோடி யுவான் இறக்கி உலகத்தையே தாங்கியது; அந்தக் கடன் வெள்ளம் கட்டடத்தில் தேங்க, 2020இல் கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற வரம்புகளைப் போட வேண்டி வந்தது, 2021இல் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் தவணை தவறியது. மதகுக்காரரும் தூங்குவார்.

அரசு தலையிட்டால் நிலைத்தன்மை வந்தே தீருமா?

இலங்கையைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் விழுந்தன. சில மாதங்களில் தடையைத் திரும்பப் பெற்றாலும் விளைச்சல் திரும்பவில்லை. ஏற்கெனவே வரி குறைப்பாலும் சுற்றுலா முடக்கத்தாலும் காய்ந்திருந்த டாலர் கையிருப்பு தீர்ந்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். தலையீட்டின் அளவைவிட, முன்னறிவிப்பும் திரும்பி வரும் வழியும் இல்லாமல் இறங்குவதே நாட்டைக் கவிழ்க்கிறது.

இந்தியா எந்தப் பக்கம்?

இரு பக்கமும் ஒரு கால் வைத்திருக்கிறது. 1969இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது ஆசிய வழி. 1991இல் கையிருப்பு இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்தோம். நகையைக் கொண்டு கவுன்ட்டருக்கு வருபவரின் முகம் அன்று நாட்டுக்கே இருந்தது. பிறகு சந்தையைத் திறந்தோம், ஆனால் 1997இல் கவிழ்ந்தவர்களைப் போலக் குறுகிய கால வெளிநாட்டுக் கடனுக்குக் கதவைத் திறக்கவில்லை. அன்று அதைத் தயக்கம் என்று கேலி செய்தார்கள். 2024 செப்டம்பரில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 700 பில்லியன் டாலரைத் தாண்டியது. 1997க்குப் பிறகு ஆசியா முழுவதும் கற்றுக்கொண்ட சேமிப்புப் பழக்கம் அது.

இவ்வளவும் சரி, என் டெபாசிட் பத்திரமாக இருக்குமா?

வங்கியில் இருந்தால், அசலும் வட்டியுமாக ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாக இருந்தது. கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960இல் விழுந்த பின், 1962 முதல் இந்தக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் வரம்பு 2,50,000 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,00,000 யூரோ. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, வரம்புக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. கரை உடைந்த பின் ஓடி வரும் பழக்கம் அங்கே இன்னும் மாறவில்லை.

ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வங்கியைப் பற்றிக் கேட்பதில்லை. மாதம் பெரும் வட்டி என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கிய நிதி நிறுவனங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் சீட்டுகளுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. இருப்பது, தமிழ்நாடு 1997இல் இயற்றிய முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராமல் போன பின், அதன் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழியே விற்று, கிடைத்ததைப் பங்கிட அது வழி செய்கிறது. கிடைத்ததை மட்டும்தான். போன மாதம் வகுப்பு முடிந்து ஒரு அம்மா, பீடி சுற்றிச் சேர்த்த பணத்துக்கு வாங்கிய ரசீதை நெகிழிப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். புகார் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். அசல் ரசீதை யாரிடமும் கொடுக்காமல் நகலோடு வேலூர் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குச் செல்லுமாறு சொல்லி, புகார் மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.